இன்வர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் அணையுது

குழு: தாத்தா வீடு 🏠

காலை 10:42

மீனாக்கா: கரண்டு போயிட்டு. இன்வர்ட்டர்ல ஃபேன் ஓடுது, லைட் எரியுது. கம்ப்யூட்டர் மட்டும் அணைஞ்சு அணைஞ்சு ஆன் ஆகுது 😭

மீனாக்கா: இன்னைக்கு தேதி 19. நாளைக்குள்ள நாலு கடைக்கு ஜிஎஸ்டி 3பி, அதான் மாச வரிக் கணக்கு, போடணும். கணக்கு சாஃப்ட்வேரைத் திறந்தா டேட்டாவ ரிப்பேர் பண்ணவான்னு கேக்கு

செல்வி அத்தை: 🌹🙏 இனிய காலை வணக்கம் 🙏🌹

செல்வி அத்தை: ஏட்டி இப்பதான் பாத்தேன். அம்மாம் பெரிய பேட்டரி வச்சிருக்கியே, அது என்னத்துக்கு?

கார்த்தி: அதுக்குத்தான் லேப்டாப் வாங்குன்னேன்

மீனாக்கா: எனக்கு ரெண்டு மானிட்டர் வேணும்டே. நீ வாங்கித் தா

முருகேசன் சித்தப்பா: மீனா, ரிப்பேர் குடுத்துராத. அந்த ஃபோல்டர அப்படியே பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வச்சிட்டு அப்புறம் குடு

முருகேசன் சித்தப்பா: இன்வர்ட்டர்ல சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யூபிஎஸ், இன்னொரு பக்கம் நார்மல்னு போட்டிருப்பான். இப்ப எதுல கெடக்கு?

மீனாக்கா: நார்மல்

முருகேசன் சித்தப்பா: அதான் பாத்தேன். கரண்டு போயி பேட்டரிக்கு மாறுததுக்கு ஒரு இடைவெளி உண்டு. சுத்துத ஃபேனுக்கு அது தெரியவே தெரியாது. கம்ப்யூட்டருக்கு உள்ள கரண்ட மாத்திக் குடுக்க பெட்டி, எஸ்எம்பிஎஸ்ம்பாங்க, அது 15, 16 மில்லி செகண்டுதான் தம் கட்டும், அதுவும் புதுசா இருந்தா. நார்மல்ல மாறுததுக்கு அதுக்கு மேலேயே ஆகும். யூபிஎஸ் பக்கம் தள்ளினா 10 மில்லி செகண்ட் கிட்ட மாறிரும்

கார்த்தி: அப்ப இன்வர்ட்டர் மாட்டினவன் எதுக்கு நார்மல்ல வச்சிட்டுப் போனான்?

முருகேசன் சித்தப்பா: சாயங்காலம் அவ வீட்டுப் பக்கம் வோல்டேஜ் இறங்கும். யூபிஎஸ் மோடுல 180க்குக் கீழ போனாலே பேட்டரிக்கு ஓடிரும். நார்மல்ல 100 வரைக்கும் கூட தாங்கும். பேட்டரி தீரக் கூடாதுன்னு வச்சிருப்பான், அவன் செஞ்சதும் தப்பில்ல

மீனாக்கா: மாத்திட்டேன் சித்தப்பா. கரண்டு வந்து மறுபடி போனாத்தான் தெரியும்

பகல் 12:15

மீனாக்கா: வந்து திரும்பவும் போயிட்டு. இந்தத் தடவ ரெண்டு மானிட்டரும் கண்ண மூடித் திறந்துச்சு, சிபியு நின்னுட்டு. ஆனா மோடம் அணையல

முருகேசன் சித்தப்பா: பழைய எஸ்எம்பிஎஸ். உள்ள கரண்டக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்க கெப்பாசிட்டர் காஞ்சிருக்கும். கம்ப்யூட்டருக்குன்னு தனியா 600 விஏ யூபிஎஸ் ஒண்ணு வாங்கிரு, உள்ளயே சின்ன பேட்டரி வச்ச பெட்டி. இன்வர்ட்டர் லைன்லயே சொருகு, உன் இன்வர்ட்டர் சைன் வேவ்தான, லைன் கரண்டு மாதிரியே சீரா வரும், ஒத்துக்கும். ஸ்கொயர் வேவா இருந்தா சில யூபிஎஸ் அத கரண்டாவே மதிக்காது, கத்திக்கிட்டே கெடக்கும்

கார்த்தி: 600 விஏன்னா 600 வாட் இல்லக்கா. 360 வாட் கிட்டதான் வரும். உனக்கு அது தாராளம்

செல்வி அத்தை: எவ்வளவு நேரம் நிக்கும்ணே?

முருகேசன் சித்தப்பா: அதுக்குள்ள இருக்கது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி. பேப்பர்ல 84 வாட் அவர். வேகமா இழுக்கையில அவ்வளவும் கிடைக்காது. இன்வர்ட்டர் இல்லாத வீட்டுல பத்து, பதினஞ்சு நிமிசம்னு வச்சுக்கோ

செல்வி அத்தை: பத்து நிமிசத்துக்கா இம்புட்டு காசு 🙄

முருகேசன் சித்தப்பா: வேலய சேவ் பண்ணி ஒழுங்கா ஷட்டவுன் பண்ண ரெண்டு நிமிசம் போதும்த்தா. மீனாவுக்கு இன்வர்ட்டர் வாரதுக்குள்ள கண்ணிமைக்கிற நேரத்தத் தாண்டினா போதும், அப்புறம் அது பாத்துக்கிடும்

அம்மா: தம்பி அதுல மிக்ஸி போடலாமா

முருகேசன் சித்தப்பா: மதினி 🙏 வேண்டவே வேண்டாம்

மீனாக்கா: பிரிண்டர்? லேசர்

முருகேசன் சித்தப்பா: அதுவும் கூடாது. உள்ள ரோலர் சூடாகுற நேரத்துல 500 வாட்டுக்கு மேல இழுக்கும், யூபிஎஸ் ஓவர்லோடுன்னு படுத்துரும். பிரிண்டர நேரா சுவத்து பிளக்ல போடு. சிபியு, மானிட்டர், மோடம், அவ்வளவுதான்

கார்த்தி: யூஎஸ்பி வயர் உள்ள மாடலா கேளுக்கா. நீ கடைக்குப் போயிருந்தாலும் பேட்டரி தீருததுக்கு முன்னாடி அதுவே ஷட்டவுன் பண்ணிரும்

மீனாக்கா: பேட்டரி எத்தன வருசம் வரும்?

முருகேசன் சித்தப்பா: நம்ம ஊரு வெக்கைக்கு ரெண்டு, மூணு வருசம். மேசைக்குக் கீழ துணியப் போட்டு மூடி வச்சியோ அதுவும் வராது. மாசம் ஒருதரம் எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு சுவத்து சுவிட்ச அணைச்சுப் பாரு. பிளக்கப் பிடுங்காத, எர்த் போயிரும். பேட்டரி மாத்தும்போது பழசக் கடையிலயே குடு. உள்ள இருக்கது ஈயம், குப்பையில போடக் கூடாது

மீனாக்கா: சரி. சாயங்காலம் போறேன்

முருகேசன் சித்தப்பா: பாக்ஸ்ல தயாரிச்ச மாசம் பாத்து வாங்கு. ஆறு மாசத்துக்கு மேல கடையில கெடந்ததுன்னா வேற எடுக்கச் சொல்லு. கொண்டு வந்ததும் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறட்டும்

மீனாக்கா: அப்ப 3பி?

கார்த்தி: என் பழைய லேப்டாப் அம்மா பீரோவுல இருக்கு. எடுத்துக்கோ