வலைப்பதிவு எழுத வந்த கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கோவில்பட்டியிலிருந்து

தலைப்பைப் போட்டவன் நான் என்பதால் நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

2005 வாக்கில் கோவையில் ஒரு மில் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பும் பழக்கம் கல்லூரி நாளிலிருந்தே உண்டு. கதையோடு தபால்தலை ஒட்டிய கவரையும் வைத்து அனுப்ப வேண்டும். நம் கையெழுத்தில் நம் முகவரியோடு அந்தக் கவர் திரும்பி வந்தால், பிரிக்காமலேயே சேதி தெரிந்துவிடும். எப்போதாவது ஒன்று பிரசுரமாகும். அதை யார் படித்தார்கள், படித்தார்களா என்பதே தெரியாது.

கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் மின்னஞ்சலில் ஒரு சுட்டி அனுப்பினார். நெட் சென்டரில் திறந்து பார்த்தால் பக்கம் பூராவும் கட்டம் கட்டமாக இருக்கிறது. கடைத் தம்பி எக்ஸ்பி சிடியைத் தேடிப் பிடித்துப் போட்டு, கன்ட்ரோல் பேனலில் மொழிக்கான இடத்தில் ஒரு டிக் வைத்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. அந்தக் கடையிலேயே அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அது காலியாகும்வரை வெளியே டீக்கடையில் நிற்பேன்.

சுட்டி கொண்டுபோய் விட்ட இடம் தமிழ்மணம். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய திரட்டி. யார் யாரோ பிளாக்ஸ்பாட் என்ற கூகுளின் இலவச இடத்தில் வலைப்பூ வைத்து எழுதுவதெல்லாம் அங்கே வரிசையாக வந்து விழும். ஒரு பதிவுக்குப் பின்னூட்டம் வந்தால் அது மறுபடி கண்ணில் படுகிற இடத்துக்கு வந்துவிடும். பெரியார் பற்றிய சண்டை, வத்தக்குழம்பு, வெண்பா, ரஜினி, வெளிநாட்டில் பனியில் வழுக்கி விழுந்த கதை எல்லாம் ஒரே பக்கத்தில். இலக்கியமாக எழுதியவர்களைவிட, பத்திரிகை ஆசிரியர் பார்த்தால் ‘இதெல்லாம் ஒரு விஷயமா?’ என்று தள்ளியிருக்கக்கூடியதை எழுதியவர்களைத்தான் நான் விரும்பிப் படித்தேன். என் ரசனை அப்படி.

அப்புறம் எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை இறக்கிக்கொண்டேன். ஆங்கிலச் சாவிகளில் அம்மா என்று அடித்தால் தமிழில் அம்மா வரும். ‘ந’ வேண்டுமென்றால் டபிள்யூவைத் தட்ட வேண்டும் என்பதுதான் விரலில் ஏற ரொம்ப நாள் பிடித்தது.

முதல் பதிவாக எங்கள் வீட்டுத் தீப்பெட்டி வேலையைப் பற்றி எழுதினேன். எங்கள் ஊர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் போகாதவர்கள்கூட வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோசுக்கு 144 பெட்டி. அம்மா ஒட்டுவாள், நானும் தங்கச்சியும் வெயிலில் பரத்துவோம். கதை என்று நினைத்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். பதிவு என்பதால் எழுதினேன்.

மறுநாள் ஒரு பின்னூட்டம். சாத்தூர்க்காரர், அப்போது அமெரிக்காவில் இருந்தார். பாராட்டு எதுவும் இல்லை. “மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்களே, அதை விட்டுவிட்டீர்களே. அந்தக் கையோடு சாப்பிடக் கூடாது என்று எங்கள் அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுவார்” என்று இரண்டே வரி. வாசித்ததும் அந்த நீல நிறம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பசை கெடாமலும் எலி, பூச்சி அரிக்காமலும் இருக்கப் போடுவது அது. அன்று ராத்திரியே மயில்துத்தத்துக்கென்று தனியாக ஒரு பதிவு எழுதினேன். அதற்குச் சிவகாசியிலிருந்து ஒருவர், திருத்தங்கலிலிருந்து ஒருவர், புத்தக பைண்டிங் செய்யும் மதுரைக்காரர் ஒருவர் என்று வந்து சேர்ந்தார்கள். அடுத்து என்ன எழுதுவது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, வந்தவர்கள் கேட்டதை எழுதினாலே போதுமானதாக இருந்தது.

கதைகளை அனுப்புவது அதோடு நின்றுபோனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. சரி, மற்றவர்கள் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

கோவில்பட்டி அண்ணை, கட்டம் கட்டமாகத் தெரிந்த கதை எங்களுக்கும் உண்டு. ஆனால் எங்கள் பிரச்சினை வேறு. இலங்கையில் தட்டச்சு தெரிந்த ஆட்கள் எல்லாருக்கும் பாமினி என்ற, யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருதான் கையில் ஊறியிருந்தது. நானும் பாமினியில் தட்டி, சுரதாவின் மாற்றியில் போட்டு யுனிகோடாக்கி, அதைப் பிரதிசெய்து ஒட்டித்தான் என் முதல் பதிவுகளை எல்லாம் போட்டேன்.

2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டபோது நான் கொழும்பில் நின்றேன், அம்மாவும் அப்பாவும் ஊரில். வெள்ளவத்தையில் ஒரு நெட் கஃபேக்குப் போய் எழுதுவேன். சொந்தப் பெயர் இல்லை, படம் இல்லை, படித்த பாடசாலையின் பெயர்கூட இல்லை. அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த தமிழ்ப் பெடியன் ஒருவன் ஏன் அப்படி எழுதினான் என்று விளக்கத் தேவையில்லை. அரசியல் ஒரு வரியும் எழுதவில்லை. ஒடியல் கூழ், கோயில் தேர், சைக்கிளில் ரியூசனுக்குப் போனது, இவ்வளவுதான். அதற்கே கனடாவிலும் நோர்வேயிலும் இருந்து வருகிறவர்கள், “தம்பி, அந்த ஒழுங்கையின் முடிவில் ஒரு புளியமரம் நின்றதே, இப்பவும் நிற்குதோ?” என்று கேட்பார்கள். நான் ஊர்ப் பெயரைச் சொல்லவே இல்லை, ஆனாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்! மரம் நிற்குதோ என்று எனக்கும் தெரியாது. தொலைபேசி கிடைக்கிற நாளில் அம்மாவிடம் கேட்டு அடுத்த பதிவில் எழுதுவேன்.

2009இல் கொழும்பில் இலங்கைத் தமிழ்ப் பதிவர்களின் முதல் சந்திப்பு நடந்தது. யுத்தம் முடிந்து சில மாதங்கள்தான். அவ்வளவு காலமும் புனைபெயராக இருந்தவர்கள் ஒரு மண்டபத்துக்குள் முகத்தோடு வந்து இருந்தார்கள். ஒருவர் என்னிடம் வந்து என் பதிவையே எனக்குப் பரிந்துரைத்தார். “ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி ஒருத்தர் எழுதுறார், வாசிச்சுப் பாருங்கோ” என்றார். வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மஸ்கட்டிலிருந்து

நான் பெரிதாக எழுத்தாளர் எல்லாம் இல்லை. கணவர் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியாக இருந்த நேரத்தில் சமையல் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். அளவுகளைக் கிராமில் போடச் சொல்லிக் கேட்பார்கள், போடுவேன். குறிப்புக்கு மேலே நாலு வரி எதையாவது எழுதுவது வழக்கம், அது நாளாக நாளாக நீண்டுவிட்டது. புளியோதரைக்கு முன்னால் மாமியாரோடு ஸ்ரீரங்கம் போன கதை இரண்டு பக்கம். “குறிப்பு எங்கே?” என்று ஒருவர் கேட்டார். “குறிப்பை விடுங்கள், மாமியார் அப்புறம் என்ன சொன்னார்?” என்று இன்னொருவர் கேட்டார். அதன்பிறகு சமையலுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என்று இரண்டு வலைப்பூ வைத்துக்கொண்டேன்.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. பெண்கள் எழுதிய பதிவில் வந்து அனானிகள், அதாவது பெயர் சொல்லாதவர்கள், போட்டுவிட்டுப் போனதை எல்லாம் இங்கே எழுத முடியாது. சமையல் எழுதும்வரை தொந்தரவே இல்லை. வேலையை விட்டுவிட்டு வெளிநாடு வந்த பெண்களின் நிலைமை பற்றி ஒரு பதிவு போட்டேன், அன்றைக்கு ஆரம்பித்தது. மட்டுறுத்தல் (நாம் பார்த்து அனுமதித்த பின்னூட்டம் மட்டும் வெளியே வருவது) வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தது இன்னொரு பதிவர் அக்கா. சரி, வைத்தாயிற்று. வெளியே தெரியாதே தவிர, அனுமதிக்கலாமா வேண்டாமா என்று பார்ப்பதற்காக நான் அத்தனையையும் படித்தாக வேண்டுமே! அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். எங்களில் சிலர் ஒருவருக்கொருவர் கடவுச்சொல்லைக் கொடுத்துவைத்து, என் பதிவின் பின்னூட்டங்களை அவர் பார்ப்பது, அவருடையதை நான் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். அடுத்தவரைத் திட்டியது நம்மை அவ்வளவாகச் சுடாது. பல வருடம் அப்படி ஓட்டினோம். அவர்களில் ஒருவரின் மகள் கல்யாணத்துக்குப் போனபோதுதான் அவரை முதன்முதலாக நேரில் பார்த்தேன்.

சென்னையிலிருந்து

சின்னதாக ஒன்று. 2006 ஜூலை. மும்பை ரயில் குண்டுவெடிப்புக்கு அடுத்த வாரம். காலையில் திறந்தால் என் வலைப்பூ இல்லை. நண்பனுடையதும் இல்லை. டெம்ப்ளேட்டில் கைவைத்ததில் எதையோ உடைத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். விஷயம் என்னவென்றால், ஒருசில தளங்களை மட்டும் முடக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டிருக்கிறது. இணையச் சேவை தந்தவர்கள் பிளாக்ஸ்பாட்டையே மொத்தமாக அடைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பதிவை எழுதிப் போடுகிற பிளாக்கர் தளம் திறக்கும். உள்ளே போய் எழுதலாம், வெளியிடலாம். வெளியிட்டதை நாம்தான் பார்க்க முடியாது, துபாயில் இருப்பவன் பார்த்துவிட்டுப் பின்னூட்டம் போடுவான். “நான் எழுதியது எப்படி வந்திருக்கிறது?” என்று அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த வாரம் ஆளாளுக்குச் சுற்றுவழி தேடிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று, ஃபயர்பாக்ஸ். யார் நல்ல பதிவு போட்டாலும் கீழே ஒருவர் வந்து, “ஃபயர்பாக்ஸில் எழுத்து உடைந்து தெரிகிறது, ஜஸ்டிஃபையை எடுத்துவிடுங்கள்” என்பார். அந்த ஒருவர் நான்தான். இருபுறமும் சமமாக வரி அமைத்தால் அப்போதைய ஃபயர்பாக்ஸில் தமிழ் சிதறிப்போகும். கவிதை எழுதி மனசு கரைந்து உட்கார்ந்திருக்கும் ஆளிடம் போய் நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மெரினா காந்தி சிலைப் பக்கம் பதிவர்கள் சந்திப்போம். அங்கே என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, “ஜஸ்டிஃபை” என்றால் தெரியும்.

புதுக்கோட்டையிலிருந்து

நான் தாமதமாக வந்தவள். அரசுப் பள்ளியில் ஆசிரியர். நீங்கள் எல்லாம் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்ட பிறகுதான் எங்கள் மாவட்டத்தில் ஆசிரியர்களுக்கென்று கணினித் தமிழ்ப் பயிற்சி வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறியியல் கல்லூரி லேபில் உட்கார்ந்து ஆளுக்கொரு வலைப்பூ தொடங்கினோம். எல்லோருமே முதல் பதிவாகத் திருக்குறள் போட்டோம்! அதில் பாதி அத்தோடு நின்றுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு நிற்காமல் போனதற்குக் காரணம் ஏழாம் வகுப்பு. பிள்ளைகள் வகுப்பில் சொல்வதைக் குறித்துவைத்து எழுத ஆரம்பித்தேன். பெயர் போடமாட்டேன். ஒருநாள் ஒரு மாணவனின் அப்பா பள்ளிக்கு வந்துவிட்டார். சவுதியில் டிரைவர், விடுமுறையில் வந்திருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று பயந்துவிட்டேன். “டீச்சர், ஆடு மேய்க்கையில மழை வரும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு ஒரு பையன் சொன்னதா எழுதியிருந்தீங்களே, அது எம் பையன்தானே? நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது” என்றார். அங்கே இரவில் ஃபோனில் படித்திருக்கிறார். எறும்பு முட்டை தூக்குவதைப் பற்றி அவன் சொன்னதில் கொஞ்சம் தப்பு இருக்கிறது என்று திருத்தமும் சொன்னார். பதிவில் திருத்திவிட்டேன்.

2015 அக்டோபரில் புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழா நடந்ததே, அதில் வரவேற்பு மேசையில் நான் இருந்தேன். சென்னை, மதுரை என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். பழைய பதிவர்கள் பலர் “வலைப்பூ செத்துவிட்டது” என்று சொல்லிக்கொண்டே வரிசையில் நின்று பெயர் எழுதினார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். நாங்கள் அப்போதுதான் தொடங்கியிருந்தோம்.

கோவில்பட்டியிலிருந்து

டீச்சர், அந்தக் கோபம் நியாயம்தான். எங்களை ஃபேஸ்புக் மட்டும் இழுத்துக்கொண்டு போகவில்லை. பிடித்த வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள், திரட்டிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. யார் புதிதாக எழுதியிருக்கிறார்கள் என்று தெரிவதற்கு வழியே இல்லாமல் போனது. ஃபேஸ்புக்கில் எழுதினால் அன்று மாலைக்குள் நூறு லைக் வரும். மயில்துத்தத்தைப் பற்றி யாராவது மூன்று வருடம் கழித்துத் தேடி வந்து எழுத அங்கே இடம் இல்லை. என் தீப்பெட்டிப் பதிவுக்குப் போன தீபாவளி சமயத்தில்கூட ஒருவர் வந்து எழுதிவிட்டுப் போனார்.

யாழ்ப்பாணத்திலிருந்து

அண்ணை, என் பழைய பதிவுகளுக்கு நண்பர்கள் கொடுத்திருந்த சுட்டிகள் இப்போது எதுவும் வேலை செய்யவில்லை. பதிவுகள் அழிந்துபோய்விட்டனவோ?

சென்னையிலிருந்து

ஜஸ்டிஃபைக்காரன் பதில் சொல்கிறேன். சுட்டியின் வாலில் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று இருக்கிறதா பாருங்கள். 2012இலிருந்து இந்தியாவில் திறந்தால் கூகுள் அப்படி மாற்றிக் காட்டியது, இங்கிருந்து நகலெடுத்தவர்கள் அதையே ஒட்டினார்கள். 2020இல் அந்த முகவரி கூகுள் கையைவிட்டுப் போய்விட்டது. ‘இன்’ இருக்கும் இடத்தில் ‘காம்’ போட்டுப் பாருங்கள், வலைப்பூவை யாரும் அழிக்காமல் இருந்தால் திறக்கும்.

இதைவிட முக்கியம், அந்தப் பழைய ஜிமெயில் கணக்குக்குள் கடைசியாக எப்போது போனீர்கள்? இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கலாம் என்பது இப்போது கூகுள் விதி. கடவுச்சொல் ஞாபகம் இருப்பவர்கள் இன்றே ஒருமுறை உள்ளே போய்வாருங்கள். போன கையோடு பிளாக்கர் அமைப்புகளில் பேக்கப் எடுங்கள். பதிவும் பின்னூட்டமும் அதில் வரும், படங்களும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் அவற்றைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். மஸ்கட் அக்கா, இரண்டு வலைப்பூவுக்கும் எடுக்க வேண்டும்.