புதுப்பிப்பு: பேர் கிரிஸ்லி வில்லின் சத்தம் அடங்கியது, கோளாறு நாணில்தான்

'பேர்' (Bear) கம்பெனியின் பழைய 58 அங்குல கிரிஸ்லி ரிகர்வ் வில்லில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) புது டாக்ரான் (பாலியஸ்டர் இழை) நாண் மாட்டியதும் 'தட்'டென்று சத்தம், கையில் அதிர்வு என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது வள்ளியூர் அண்ணாச்சி சொன்னது: நாணை முறுக்கு.

பிடியின் குழிவிலிருந்து நாண் வரை 7 அங்குலம்தான் இருந்தது. கழற்றி, ஏற்கெனவே உள்ள முறுக்கின் திசையிலேயே முறுக்கி 8-க்குக் கொண்டுவந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. எதிர்த்திசையில் முறுக்கினால் பிளெமிஷ் நாண் (இழைகளைக் கயிறுபோல் முறுக்கிச் செய்த இந்த வகை நாண்) பிரிந்துவிடும்.

எதிர்பாராதது: கொஞ்சம் அம்பு விட்டதும் அந்த இடைவெளி கால் அங்குலம் இறங்கியது. புது டாக்ரான் இழுபடும், மறுபடி முறுக்க வேண்டும். நாக்கிங் பாயிண்டும் (நாணில் அம்பைப் பொருத்தும் இடம்) நகர்ந்திருந்தது. அதைக் குறிக்கும் பித்தளை வளையத்தை ஸ்கொயர் (நாணில் மாட்டி அளக்கும் மட்டம்) வைத்துப் பார்த்து மாற்றினேன். முறுக்கு மிஞ்சி நாண் சுருண்டால் விட்டுவிட்டு குட்டை நாண் வாங்குங்கள்.

ஃபாஸ்ட் ஃப்ளைட் என்ற நவீன இழை நாண் பழைய வில்லுக்கு ஆகாது. அது அவ்வளவாக நீளாது, அடி முழுக்க லிம்ப் (வில்லின் வளையும் கை) நுனியில் விழும், நுனி பிளக்கலாம்.

வேறு கம்பெனிக்கு மாறச் சொன்னவர்களுக்கு: ஃப்ரெட் பேர் 1933-ல் தொடங்கிய கம்பெனி இது. குட்டை வில்லில் இந்த இழுவை எனக்கு வேறெதிலும் வாய்க்கவில்லை, மாறுவதாயில்லை. பாளையங்கோட்டை வெயிலில் காருக்குள் மட்டும் வில்லைப் போட்டுவைக்காதீர்கள், லிம்ப் பசை விட்டுவிடும்.