ஞாயிறு ஆராதனையில் சிலுவைக்கு எவ்வளவு இடம்? தருமபுரி, கிருஷ்ணகிரி விசுவாசிகள் பேசுவோம்

ஓசூர்_சிப்காட்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நம் இரண்டு மாவட்டத்திலும் பல சபைகளில் ஞாயிறு ஆராதனை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் பாட்டு. அப்புறம் சாட்சி: பையனுக்கு விசா வந்தது, போர்வெல் போட்டதில் தண்ணீர் வந்தது. அப்புறம் அறிவிப்பு. காணிக்கைப் பை கிளம்புமுன் தவறாமல் மல்கியா 3:10, தசமபாகம் கொண்டுவந்தால் ஆசீர்வாதம் கொட்டும் என்ற வசனம். பிரசங்கம் என்று வந்தால் 'இந்த மாதம் உன் எல்லை விரிவாகும்'. கடைசியில் வரிசையில் நிறுத்தித் தலையில் கை வைத்து ஜெபம். கிறிஸ்து எதற்காக மரித்தார் என்பது பெரிய வெள்ளிக்கு ஒதுக்கிய பாடமாகிவிட்டது.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையைப் பாருங்கள். எரேமியா 29:11, கர்த்தர் உங்களுக்குச் சமாதானத்தையே நினைக்கிறார் என்ற வசனம், சுற்றிச் சுற்றி வரும். அதற்கு முந்தின வசனத்தை யார் வாசிக்கிறார்கள்? பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அது போய்ச் சேர்ந்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அதை அச்சடித்து 'இந்த வருடம் உனக்கு வீடு' என்று கொடுக்கிறோம்.

பவுல் கொரிந்து சபைக்குப் 'பிரதானமாக' ஒப்புவித்தது கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்பதைத்தான் (1 கொரிந்தியர் 15:3,4). உங்கள் சபைக்கு ஒரு புது ஆள் ஆறு மாதம் விடாமல் வந்தால், இதையாவது தெரிந்துகொண்டு போவாரா?

பென்னாகரம்_மேய்ப்பன்:
பிரதர், வைராக்கியம் நல்லதுதான். நான் பென்னாகரம் பக்கம் ஒரு சின்ன சபையைப் பார்த்துக்கொள்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஸ்பீக்கர் பாதி நாள் வேலை செய்யாது. வருகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, வீட்டுக்குப் பணம் வந்தால் உண்டு. திங்கட்கிழமை காலையில் குழுக் கடன் தவணை. ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா என் முன்னால் நின்று, "ஐயா, நாளைக்குக் கட்ட இல்லை" என்று அழும்போது, விசுவாசத்தினால் தேவன் முன் நீதிமானாக்கப்படுதலைப் பற்றி மூன்று குறிப்பு சொல்லி அனுப்பவா?

தரித்திரருக்குச் சுவிசேஷம் என்றுதான் இயேசு நாசரேத்தில் வாசித்தார் (லூக்கா 4:18). 'குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று வெறும் வாயால் சொல்வதால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்டது உங்களுக்கே தெரியும். ஏசி ஹாலில் உட்கார்ந்து நோட்டில் குறிப்பு எடுக்கிற சபைக்கு ஒரு ஊழியம், எங்களுக்கு ஒரு ஊழியம்.

ஓசூர்_சிப்காட்:
பாஸ்டர், ஏசி ஹாலெல்லாம் இல்லை, எங்களுக்கும் வாடகைக் கட்டடம்தான். தவணைக்கு உதவ வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? உதவுங்கள், ஜெபியுங்கள். அந்த அம்மாவுக்கு 'தவணை கட்டப்படும்' என்பதே நற்செய்தி என்று சொல்லிவிட்டால், கட்ட முடியாத மாதம் அவருக்கு என்ன மிச்சம் இருக்கும்? அதைத்தான் கேட்கிறேன்.

கிருஷ்ணகிரி_லுத்தரன்:
நடுவில் நுழைகிறேன். நீங்கள் இரண்டு பேருமே பிரசங்கியை நம்பித்தான் பேசுகிறீர்கள். பிரசங்கிக்குத் தொண்டை கட்டினால் சுவிசேஷமும் கட்டிக்கொள்ளுமா? எங்கள் ஆராதனை முறையில் பாவ அறிக்கை, மன்னிப்புக் கூறல், வேத வாசகங்கள், விசுவாசப்பிரமாணம், திருவிருந்து எல்லாம் வரிசையில் இருக்கிறது. ஐயர் (எங்கள் போதகர்) அன்றைக்குச் சுமாராகப் பேசினாலும் ஜனங்கள் மன்னிப்பைக் காதால் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

1530ல் லுத்தரன்களின் விசுவாச அறிக்கையான அவுக்ஸ்பூர்க் அறிக்கையின் ஏழாம் பிரிவு சபைக்கு அடையாளமாக இரண்டைத்தான் சொன்னது: சுவிசேஷம் சுத்தமாகப் போதிக்கப்பட வேண்டும், ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற சாக்கிரமெந்துகள் சரியாகக் கொடுக்கப்பட வேண்டும். கூட்டத்தின் அளவும் ஸ்பீக்கரின் அளவும் அதில் இல்லை. இது நம் ஊருக்குத் தூரத்துச் சரித்திரம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் மிஷன் இந்தியாவில் 1895ல் வேலையைத் தொடங்கியதே கிருஷ்ணகிரியில்தான், தியோடோர் நெய்தரை வைத்து.

கீபோர்டு_தம்பி:
லுத்தரன் அண்ணா, மரியாதையோடு சொல்கிறேன். எங்கள் பாட்டி சபையில் அந்த வரிசையை நானும் பார்த்திருக்கிறேன். பாவ அறிக்கை சொல்லும்போது பாதிப் பேர் வாட்சைப் பார்க்கிறார்கள். விசுவாசப்பிரமாணம் ரயில் வேகத்தில் போகிறது. 'பொந்தியு பிலாத்து' வந்தால் பாதி தாண்டிவிட்டோம் என்று ஒரு நிம்மதி. புத்தகத்தில் சுவிசேஷம் இருக்கிறது, சரி. ஆளுக்குள் போகிறதா?

பாட்டைத் திட்டுகிறவர்களுக்கும் ஒன்று. ஓசூரில் எங்கள் கூடுகையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறவர்கள் உண்டு. முக்கால் மணி நேரப் பிரசங்கம் பாதிப் பேருக்கு எட்டாது. பாட்டு எட்டும். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வருகிற பையன்கள் பாட்டுக்காகத்தான் வருகிறார்கள்.

ஓசூர்_சிப்காட்:
தம்பி, பாட்டு வேண்டாம் என்று யார் சொன்னது? பாடுகிற பாட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. போன ஞாயிறு நீங்கள் வாசித்த பாட்டு வரிகளை எழுதிவைத்துப் பாருங்கள். 'என்னை உயர்த்துவீர், எனக்காக யாவையும் செய்வீர்' என்கிற ரகம் எத்தனை, சிலுவையும் கல்லறையும் வருவது எத்தனை என்று தெரிந்துவிடும். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் 1864லேயே காலமானார். அவருடைய கீர்த்தனைகளில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவனும் கிறிஸ்துவின் பாடுகளை வரிசையாகச் சொல்லிவிடலாம். பாட்டு எட்டும் என்கிறீர்கள் அல்லவா, அதனால்தான் கேட்கிறேன்.

கீபோர்டு_தம்பி:
கீர்த்தனைக்கு ராகம் தெரிந்த ஆளைப் பிடித்துக் கொடுங்கள் அண்ணா, வாசிக்கிறேன். எங்கள் சபையில் தெரிந்தவர் ஒருவர்தான். அவருக்கும் பல் செட் நிற்பதில்லை.

காரிமங்கலம்_அக்கா:
பாட்டு, முறை எல்லாம் இருக்கட்டும். பென்னாகரம் ஐயாவிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் சின்னம்மா கதை இது. நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல் வந்தது, ஆனால் அதற்குள் எலும்பில் ஏறியது ஏறியதுதான். பல்லில் பழுப்புக் கறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சின்னம்மாவுக்கு முழங்கால் நீட்டினால் மடங்காது, முதுகு குனியாது. களி கிண்ட உட்கார முடியாததால் அடுப்பைத் திண்ணை உயரத்துக்கு ஏற்றிக் கட்டினோம்.

ஒரு சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஊர் பேர் வேண்டாம். எண்ணெய் பூசி, முன்னால் நிறுத்தி, "கோலைப் போடு, நட" என்றார்கள். நாலடி நடந்தார். கை தட்டினார்கள், போனில் வீடியோ எடுத்தார்கள். மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. இப்படியே ஒவ்வொரு வெள்ளியும். கடைசியில் "விசுவாசம் போதாது, வீட்டில் ஏதோ சாபம் இருக்கிறது" என்று சொன்னார்கள். மகனைக் கூப்பிட்டு முப்பாட்டன் காலத்துச் சாமி விவரமெல்லாம் விசாரித்தார்கள். அதோடு அவர் போவதை நிறுத்திவிட்டார்.

அத்தனை வெள்ளிக்கிழமையில் ஒருத்தராவது 'உன் பாவம் மன்னிக்கப்பட்டது, உன்மேல் சாபம் இல்லை, கிறிஸ்து அதைச் சுமந்துவிட்டார்' என்று சொல்லவில்லை. 'பலவீனமுள்ளதாய் விதைக்கப்படும், பலமுள்ளதாய் எழுந்திருக்கும்' என்று அதே கொரிந்தியர் பதினைந்தில் இருக்கிறது. இந்த முழங்கால் எழுப்பப்படும் என்று சொல்ல வேதத்தில் இடம் இருந்தும் யாரும் சொல்லவில்லை. ஓசூர் அண்ணா கேட்கிற கேள்வி எங்கள் வீட்டில் திண்ணை உயரத்துக்கு நிற்கிறது.

பென்னாகரம்_மேய்ப்பன்:
அக்கா, வாசித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வருகிறது. வீடியோ எடுத்தது, சாபம் என்று சொன்னது எதுவும் ஊழியம் அல்ல. அதை நியாயப்படுத்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை.

ஆனால் அதைக் காட்டி ஜெபத்தைப் பிடுங்க விடமாட்டேன். வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்கட்டும், எண்ணெய் பூசி ஜெபம்பண்ணட்டும் என்று யாக்கோபு 5:14ல் இருக்கிறது. இயேசு திமிர்வாதக்காரனுக்கு மன்னிப்போடு நிறுத்தவில்லை. படுக்கையை எடுத்துக்கொண்டு நட என்றார். தவறாகச் செய்கிறவன் இருக்கிறான் என்பதற்காக நான் எண்ணெய்க் குப்பியை வீசிவிட வேண்டுமா?

ஓசூர்_சிப்காட்:
அந்தச் சம்பவத்தையே பார்ப்போம் பாஸ்டர். மாற்கு 2. நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கியது நடக்க வைக்கத்தான். இயேசு முதலில் சொன்னது 'மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது'. சுகம் அதற்குப் பின், மன்னிக்க அவருக்கு அதிகாரம் உண்டு என்பதற்கு அத்தாட்சியாக வருகிறது. நம் கூட்டங்களில் அந்த முதல் வரி காணாமல் போய்விட்டது.

இன்னொன்று. அப்போஸ்தலனாகிய பவுல் தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சொன்னார். தன் மாம்சத்தில் முள்ளாக இருந்த வேதனை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், கிடைத்தது 'என் கிருபை உனக்குப்போதும்'. இவர்கள் யாருக்கும் விசுவாசம் போதவில்லை என்று பவுல் எழுதவில்லை. இந்த வசனங்களை உங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எப்போதாவது வாசித்ததுண்டா?

பென்னாகரம்_மேய்ப்பன்:
முள்ளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். துரோப்பீமுவைப் பற்றிப் பேசியதில்லை. பேசலாம். ஆனால் சுகம் வெறும் அத்தாட்சி மட்டும்தான் என்றால், இயேசு மனதுருகினார் என்று சுவிசேஷத்தில் திரும்பத் திரும்ப எழுதியிருப்பது எதற்கு?

கோவிலூர்_கத்தோலிக்கன்:
எட்டிப் பார்க்க வந்தேன். எங்கள் திருப்பலியில் 1969க்குப் பின் மூன்று வருடச் சுழற்சியில் ஞாயிறு வாசகங்கள் வருகின்றன, பங்குத்தந்தைக்குப் பிடித்த பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. நற்செய்தி வாசகத்துக்கு எல்லாரும் எழுந்து நிற்கிறோம். அப்புறம் வரும் மறையுரை பத்து நிமிடம் தாண்டினால் பைக் சாவியைத் தேட ஆரம்பிப்பார்கள், அதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

அரூர்_வாசகன்:
எல்லாரும் சுவிசேஷம் மையம், மையம் என்கிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் சாதி வன்முறையில் தலித் வீடுகள் எரிந்தன. அடுத்த ஞாயிறு நம் மாவட்டத்தில் எத்தனை பிரசங்கபீடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வந்தது? நான் போன இடத்தில் சமாதானத்துக்காக ஒரு பொது ஜெபம். முடிந்தது.

சிலுவையை மணிக்கணக்கில் விளக்குகிற சபைகளிலும் பெண் பார்க்கும்போது முதல் கேள்வி என்ன என்று தெரியும். சில ஊர்களில் கல்லறைக்கு நடுவில் சுவர் இருக்கிறது. உயிர்த்தெழும்போது எந்தப் பக்கமாக எழுந்திருப்பார்களாம்?

ஓசூர்_சிப்காட்:
வலிக்கிற கேள்விதான் அண்ணா. ஆனால் அது சுவிசேஷத்தின் கனி பற்றிய விஷயம், சுவிசேஷம் அல்ல. இரண்டையும் கலந்தால் நாளைக்கு ஒவ்வொருவரும் தன் கொள்கையை நற்செய்தி என்பார்கள்.

அரூர்_வாசகன்:
நீங்கள் வசனம் கேட்கிற ஆள், அதனால் வசனத்தையே கொடுக்கிறேன். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடத்திலிருந்து யூத விசுவாசிகள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுல் அதைப் 'பழக்கவழக்கப் பிரச்சினை' என்று விட்டாரா? சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி சரியாய் நடக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார் (கலாத்தியர் 2:14). பேதுருவின் உபதேசத்தில் ஒரு எழுத்துத் தவறவில்லை, தவறியது இலையில். கொரிந்துவிலும் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறித்திருந்தான், அது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்றார். மையம் என்றால் இதுவும்தான் மையம்.

கிருஷ்ணகிரி_லுத்தரன்:
இதில் அரூர் அண்ணா பக்கம்தான் நான். ஒரே பாத்திரத்தில் வாங்கத் தயங்குகிறவர்கள் எங்களிலும் இருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முறை சரியாக இருந்தும் அது நடந்திருக்கிறது.

ஓசூர்_சிப்காட்:
கலாத்தியர் 2ஐ ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பவுல் அங்கே பேதுருவைக் கண்டித்துவிட்டு உடனே எங்கே போகிறார் பாருங்கள்: கிரியைகளினால் அல்ல, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல். பந்தியைச் சரிசெய்ய அவர் எடுத்த ஆயுதம் அந்த உபதேசம்தான். பென்னாகரம் பாஸ்டர் மூன்று குறிப்பு என்று கிண்டல் செய்தாரே, அதே உபதேசம்.

பென்னாகரம்_மேய்ப்பன்:
கிண்டல் உபதேசத்தை அல்ல பிரதர், பசித்தவள் முன்னால் அதை நோட்டுக் குறிப்பாக நீட்டுவதை. சரி, எனக்கு இந்த மாதம் அறுப்பின் பண்டிகை இருக்கிறது. பூசணிக்காய் ஏலம், கோழி ஏலம், மாங்காய் ஊறுகாய் ஏலம். அந்தப் பணத்தில்தான் கரண்ட் பில். அன்றைக்கு எப்படி மையத்தில் வைப்பது, சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி_லுத்தரன்:
ஏலத்துக்கு முன்னால் திருவிருந்து வையுங்கள் ஐயா. கர்த்தர் வருமளவும் அவருடைய மரணத்தைத் தெரிவிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறது. அப்பத்தை எல்லாரும் சும்மா வாங்கிய பிறகு பூசணிக்காயை விலைக்கு வாங்கட்டும்.

காரிமங்கலம்_அக்கா:
பென்னாகரம் ஐயா, எங்கள் சின்னம்மா உங்கள் சபைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

பென்னாகரம்_மேய்ப்பன்:
வரச் சொல்லமாட்டேன், நான் வருவேன். முன்னால் நிறுத்தமாட்டேன். நீங்கள் சொன்ன கொரிந்தியர் பகுதியை வாசிப்பேன், சாபம் இல்லை என்று சொல்வேன். அப்புறம் முழங்காலுக்கும் ஜெபிப்பேன். எண்ணெய் வேண்டாம் என்றால் எண்ணெய் இல்லாமல். ஓசூர் பிரதர் என்ன சொன்னாலும் அந்த ஜெபத்தை விடமாட்டேன்.

ஓசூர்_சிப்காட்:
விடச் சொல்லவே இல்லையே பாஸ்டர்! ஆனால் மல்கியா 3:10க்கு இன்னும் பதில் வரவில்லை, அதை விடமாட்டேன்.

காரிமங்கலம்_அக்கா:
மதியத்துக்கு மேல் வாருங்கள் ஐயா. காலையில் அவர் எழுந்து உட்காரவே நேரமாகும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி போன் செய்தால் தம்பி வண்டியில் வந்து கூட்டி வருவான்.

அரூர்_வாசகன்:
கல்லறைச் சுவருக்கும் பதில் வரவில்லை.