அன்றைக்கு யாருடைய விசுவாசம்?

டயாலிசிஸ் நாற்காலியிலிருந்து ஒரு சகோதரி

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், செயலிழந்த என் சிறுநீரகங்களுக்குப் பதிலாக இயந்திரம் ரத்தத்தைச் சுத்திகரிக்கிறது. இது என் ஐந்தாவது ஆண்டு. அதற்கான ஊசி குத்தத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த ஃபிஸ்டுலா என் இடது முன்கையில் இருக்கிறது. அதன்மேல் விரல் வைத்தால் உள்ளே வண்டு ரீங்கரிப்பது போல அதிரும். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, அதில் ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, அதைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கக்கூடாது. காலையில் கண் விழித்ததும் நான் முதலில் தேடுவது வேதப்புத்தகத்தை அல்ல, அந்த அதிர்வைத்தான். அது நின்றிருந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வாயில் ஸ்தோத்திரம் வரும்.

ஒரு நாளைக்கு எனக்கு அனுமதிக்கப்பட்ட தண்ணீர் 750 மில்லி. மாத்திரை விழுங்கக் குடிப்பதும் அதற்குள் அடக்கம். திருவிருந்தில் சின்னக் கிண்ணம் கைக்கு வரும்போது மனம் தானாகவே "ஒரு பதினைந்து மில்லி" என்று கணக்கெழுதிவிடும். முதல் தடவை அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டு அழுதேன். இப்போது வெட்கமில்லை. சிலுவையில் தொங்கியவர் "தாகமாயிருக்கிறேன்" என்று சொன்னார் அல்லவா? கோடைக்கால இரவுகளில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்போது அந்த ஒற்றைச் சொல்லோடு படுத்துக்கொள்கிறேன்.

சபையில் சாட்சி சொல்ல என்னை யாரும் அழைப்பதில்லை. அங்கே முடிந்த கதைக்குத்தான் இடம் உண்டு. என்னுடையது நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்: நோய் தீராமல் இருக்கும்போதே உங்கள் வழியில் எதிர்ப்பட்ட ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். அற்புதம் நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நானே தொடங்குகிறேன். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், இயந்திரத்தில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் சரிந்து, கெண்டைக்காலில் நரம்பு சுண்டி இழுத்து, வாந்தியும் வந்தது. எல்லாம் அடங்கிய பிறகு ஜெபிக்கப் பார்த்தேன். வார்த்தைகள் கிடைத்தன. யாரிடம் பேசுவது என்றுதான் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எழுபதை நெருங்கியவர். அதுவரை நாங்கள் தலையசைத்துக்கொண்டதோடு சரி. கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: "இன்றைக்கு நீங்கள் ஜெபிக்க வேண்டாம் அம்மா. உங்கள் பங்கையும் நானே ஜெபித்துவிடுகிறேன். தூங்குங்கள்."

முறைவைத்து வீடு பெருக்குகிறவர்களைப் போல "உங்கள் பங்கு" என்றார். நான் தூங்கிவிட்டேன். ஊசியை எடுக்க வந்தபோது விழித்து, "ஜெபித்து முடித்தீர்களா?" என்று கேட்டேன். "பாதியில் நானும் தூங்கிவிட்டேன். அவர் விழித்துத்தான் இருப்பார்" என்றார்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் என்ன நினைத்தான் என்று தெரியாது. கூரையிலிருந்து விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் இருந்திருப்பான் என்பது என் ஊகம்.

வாலிபர் கூட்டத்தை ஒரு காலத்தில் நடத்தியவர்

அக்கா சொன்னதைக் கேட்டு மூன்று நாள் சும்மா இருந்தேன். என் கதையில் நான் நல்ல ஆள் இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன், மூன்று நாள் உபவாச ஜெபம் ஏற்பாடு செய்திருந்தோம். கூட்டத்தில் பதினேழு வயதுத் தம்பி ஒருவன், முதல் வகை நீரிழிவு உள்ளவன். அந்த வகையில் உடல் இன்சுலினை ஏறக்குறையச் சுரப்பதே இல்லை, ஊசி வழியாகத்தான் கொடுத்தாக வேண்டும். உபவாசம் இருந்தாலும் அடிப்படை இன்சுலினை நிறுத்தக்கூடாது. இதெல்லாம் இன்றைக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. அவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "ஊசியை என்ன செய்வது அண்ணா?" என்று கேட்டான். நான் சொன்னேன்: "ஊசியை நம்புகிறாயா, ஆண்டவரை நம்புகிறாயா?"

பல மேடைகளில் ஆமென் வாங்கிக்கொடுத்த வாக்கியம் அது. காதுக்கு நன்றாக ஒலிக்கும் வாக்கியம் வாயில் வந்தால் இப்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறேன்.

இரண்டாம் நாள் மாலை வாந்தி தொடங்கியது. ஆவிக்குரிய போராட்டம் என்று சொல்லிக் கைவைத்து ஜெபித்தோம். இரவு பத்து மணிக்கு மேல் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இழுத்தது. செவிலியர் படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு தங்கை கிட்டே வந்து முகர்ந்து பார்த்தாள். மூச்சில் கனிந்த பழத்தின் வாசனை. "இப்போதே வண்டி வேண்டும்" என்று கத்தினாள். நான் ஜெபத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்றேன். அவள் என்னைத் தள்ளிவிட்டுப் போனாள். அவன் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்தத் தள்ளல்.

கீட்டோஅசிடோசிஸ் என்றார்கள், இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் நிலை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அவனுடைய தாய் உட்கார்ந்திருந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அவனுக்கு நினைவு வந்ததும் உள்ளே போய் நீங்களே பேசுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவன் முந்திக்கொண்டான்: "அண்ணா, என் விசுவாசம் போதவில்லையா?"

என் ஒத்திகையில் அந்தக் கேள்வி இல்லை. "இல்லை தம்பி, எனக்குத்தான் அறிவு போதவில்லை" என்றேன். அது பாதி உண்மை. அறிவு மட்டுமா போதவில்லை?

அதற்குப் பிறகு உட்கார்ந்து வாசித்தேன். நோயில் கிடந்த எசேக்கியா ராஜாவின் ஆயுளில் 15 ஆண்டுகளைக் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்களித்த அதே அதிகாரத்தில், அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா. தீமோத்தேயுவின் வயிற்றுக்காகப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார், ஏன் சுகமாக்கவில்லை என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. தன் உடலில் இருந்த முள்ளுக்காக மூன்று முறை கேட்டும் அவருக்குக் கிடைத்த பதில் வேறு. இவையெல்லாம் என் வேதப்புத்தகத்தில் முன்பே இருந்தவைதான். சிலவற்றுக்கு அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன்.

அந்தத் தம்பிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். ஒரே சபையில்தான் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கைகொடுக்கும்போது, எல்லார் காதிலும் விழும்படி வேண்டுமென்றே சத்தமாகக் கேட்பேன்: "ஊசி போட்டாயா?" அவன் திருப்பிக் கேட்பான்: "நீங்கள் மாத்திரை போட்டீர்களா?" எனக்கும் இப்போது சர்க்கரை, இரண்டாம் வகை.

இரவுப் பணிச் செவிலியர் ஒருவர்

அந்தத் தங்கையைப் போல இன்னும் நான்கு பேர் எல்லாச் சபையிலும் இருக்க வேண்டும்.

என்னுடையது சின்ன அனுபவம். எங்கள் வார்டில் மதம் பேச அனுமதியில்லை. அது சரியான விதி என்றே நினைக்கிறேன். படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது, அவரிடம் பிரசங்கம் செய்வது நியாயமா? ஓர் இரவு மூன்று மணிக்கு, கீமோ சிகிச்சையில் சிரைகள் எல்லாம் இறுகிப்போன பெரியவர் ஒருவருக்கு ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. கடவுள் இல்லை என்று பகல் முழுவதும் எல்லாரோடும் வாதாடுகிறவர். "உங்கள் உதடு அசைகிறது. யாரோடு பேசுகிறீர்கள்?" என்றார். "உங்கள் நரம்பு ஒரே குத்தில் கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன் ஐயா" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் நிறுத்தாதீர்கள்" என்றார்.

இரண்டாம் குத்தில்தான் கிடைத்தது.

எண்பது வயதுத் தாயின் மகன்

நாங்கள் கத்தோலிக்கர்கள், எனவே சொற்கள் கொஞ்சம் மாறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்கு முந்திய மாலை, நோயில்பூசுதல் கொடுக்கப் பங்குத்தந்தையை அழைத்துவந்தேன். அம்மா அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்து, என்னிடம் திரும்பி, "என்னை அனுப்பிவைக்க முடிவு செய்துவிட்டீர்களா?" என்றார். அவருடைய காலத்தில் அதற்குப் பெயர் அவஸ்தைப்பூசுதல். சாகும் தறுவாயில்தான் சாமியார் எண்ணெயோடு வருவார். 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தச் சடங்கைத் திருத்தி அமைத்தார். கடுமையான நோய், பெரிய அறுவை சிகிச்சை, முதுமைத் தளர்ச்சி, இவற்றில் எதற்கும் கேட்டுப் பெறலாம், திரும்பவும் பெறலாம். ஆண்டுகள் ஐம்பதைத் தாண்டியும் அம்மாவின் பயம் திருத்தப்படாமல் இருந்தது.

பங்குத்தந்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த வாரம் இங்கே ஐந்து பேருக்குப் பூசினேன் அம்மா. நான்கு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்."

"ஐந்தாவது?"

"அடுத்த அறையில். டிவியைச் சத்தமாக வைத்திருப்பவர் அவர்தான்."

அம்மா கையை நீட்டினார். நெற்றியிலும் இரு உள்ளங்கைகளிலும் பூசினார்கள். யாக்கோபு திருமுகத்தில் மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசச் சொல்லும் பகுதியை வாசித்தார்கள். அன்றிரவு அம்மா செபமாலை சொன்னது தனக்காக அல்ல. அறுவை சிகிச்சை செய்யப்போகிறவரின் முகத்தில் தூக்கம் இல்லை, பாவம் என்று அவருக்காக. எனக்கு அந்த மருத்துவரின் பெயர்கூட நினைவில் இல்லை. அம்மா விசாரித்து வைத்திருந்தார்.

மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவர்

இங்கே எல்லாரும் உடல் நோயைப் பற்றிச் சொல்கிறீர்கள். என் மனைவிக்கு மனச்சோர்வு நோய். கால் முறிந்தவரிடம் எழுந்து நட என்று யாரும் சொல்வதில்லை, இவளிடம் "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்று பேர் கொடுத்தார்கள், மூன்றும் அதே வசனம்.

மருந்து வேலை செய்யத் தொடங்கவே வாரக்கணக்கில் ஆனது. அந்த வாரங்களில் செவ்வாய்க்கிழமை தவறாமல் எங்கள் சபை மூப்பர் ஒருவர் வந்தார். முதல் நாள் வாசலிலேயே என்னிடம், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் தம்பி?" என்றார். அதுவரை எல்லாரும் அவளைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றே அழுதுவிட்டேன். "இரண்டு மணி நேரம் நான் இருக்கிறேன், நீங்கள் படுங்கள்" என்றார். அவளிடம் எதுவும் பேசமாட்டார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசிப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும், அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, 88ஆம் சங்கீதத்தை வாசித்தார். முறையிட்டு முறையிட்டுக் கடைசிவரை ஆறுதலே வராமல் முடிகிற சங்கீதம் அது. அவள் பல நாட்களுக்குப் பிறகு தானாக வாய் திறந்தாள்: "இதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது."

முழுக்கக் குணமாகவில்லை. நல்ல நாட்கள் வருகின்றன, போகின்றன. இரவில் நான் பரமண்டல ஜெபத்தைச் சத்தமாகச் சொல்வேன், அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். "எங்கள் பிதாவே" என்கிற இடத்தில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். "என்" என்று இருந்திருந்தால் அவளை வெளியே விட்டுவிட்டு அல்லவா சொல்லியிருப்பேன்?

மீண்டும் டயாலிசிஸ் நாற்காலியிலிருந்து

வாலிபர் கூட்டம் நடத்திய தம்பிக்கு: நீங்கள் எழுத எடுத்துக்கொண்ட அந்த மூன்று நாளும் எனக்குப் புரிகிறது. உங்களைப் போன்ற ஒருவர் என்னிடமும் வந்தார். இயந்திரத்தை நம்புகிறேனா, ஆண்டவரை நம்புகிறேனா என்று கேட்டு, இயந்திரத்தை விட்டுவிடச் சொன்னார். நான் விடவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊசியின்போதும் நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்து நாற்காலி ஆசிரியை என் பங்கை எடுத்துக்கொண்ட நாள்வரை. இயந்திரத்தை விடச் சொன்னவர் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. உங்களுடையதை அவருடையதாக எடுத்துக்கொள்கிறேன், பரவாயில்லையா?

ஆசிரியை போன ஆண்டு ஒரு வியாழக்கிழமை வரவில்லை. எங்கள் அறையில் யாரும் காரணம் கேட்பதில்லை. நாற்காலியைத் துடைத்துப் புதிய விரிப்புப் போடுவார்கள், அதிலிருந்தே தெரிந்துகொள்வோம். அவருடைய முறையை யாருக்கும் ஒப்படைக்காமல் போய்விட்டார் என்று சில வாரம் எனக்குக் கோபம்கூட இருந்தது.

நேற்று அந்த நாற்காலிக்கு ஓர் இளைஞர் வந்தார். முதல் தடவை. ஃபிஸ்டுலாவின் தையல் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. ஊசித் தட்டைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வலிக்குமா அக்கா?"

"வலிக்கும்" என்றேன். "குத்தும்போது என்னைப் பாருங்கள், ஊசியைப் பார்க்க வேண்டாம்."