சுவிஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: முதலில் உங்கள் ஊரைப் படியுங்கள்

தூண் நகருக்கு வந்து மூன்று மாதமே ஆன தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: “ஜெர்மன் வகுப்பில் சுவிஸின் மலைகள், ஆறுகள், தேசியச் சின்னங்கள் எல்லாவற்றையும் பாடமாக்கச் சொல்கிறார்கள். 26 மாநிலங்களின் பெயர்களே மனத்தில் நிற்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது அக்கா?”

தங்கச்சி, அந்த 26 பெயர்களையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஜன்னலைத் திறந்து, எதிரே தெரிகிற மலையின் பெயரைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தூணிலிருந்து ஏரிக்கு அப்பால் கூம்பு போல எழுந்து நிற்பது நீசன். உயரம் 2362 மீற்றர். நம்முடைய பிதுருதலாகலை 2524 மீற்றர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இலங்கையில் அதற்கு மேல் மலை இல்லை. இங்கேயோ நீசன் வெறும் முன்வாசல். அதற்குப் பின்னால் ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் என்று மூன்று பனிமலைகள் வரிசையாக நிற்கின்றன. யுங்ஃபிராவ் மட்டும் 4158 மீற்றர். இந்த நான்கு பெயர்களையும் சொல்லத் தெரிந்த அன்றைக்கே அயலவர் உங்களோடு பேசுகிற விதம் மாறும். என் அனுபவத்தில் இது நடந்தது.

நான் வந்து 24 ஆண்டுகள் ஆகின்றன. பிரஜாவுரிமை நேர்காணலுக்குப் போன நாளில் எல்லா எண்களும் மனப்பாடம்: மிக உயர்ந்த சிகரம் டுஃபூர்ஸ்பிட்சே, 4634 மீற்றர்; மிகத் தாழ்ந்த இடம் மஜோரே ஏரிக்கரை, 193 மீற்றர். கேட்ட முதல் கேள்வி, “உங்கள் கிராமத்தின் ஊடாக ஓடும் ஓடையின் பெயர் என்ன?” இரண்டாவது, “ஊர்ச் சின்னத்தில் என்ன இருக்கிறது?” ஓடையின் பெயர் தெரிந்திருந்தது, பிள்ளையை நாள்தோறும் அந்தப் பாலத்தால் பள்ளிக்கு அழைத்துப் போனபடியால். சின்னம் தெரியவில்லை. குப்பைப் பை வாங்கும் கெமைண்டே (உள்ளூராட்சி) அலுவலகத்தின் வாசலில் ஆறு ஆண்டுகளாக அது தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்விகளுக்குக் காரணம் உண்டு. சுவிஸ் கடவுச்சீட்டைப் பார்த்தால், பிறந்த இடத்துக்குப் பதிலாக “ஹைமாட்ஓர்ட்” என்று ஒன்று இருக்கும். பூர்வீக ஊர் என்று பொருள். சூரிச்சில் பிறந்து ஜெனீவாவில் வேலை செய்யும் ஒருவருக்கு, பாட்டனாரின் அப்பன்செல் கிராமம் அதில் எழுதப்பட்டிருக்கலாம். அவர் அங்கே ஓர் இரவுகூடத் தங்கியிருக்கமாட்டார். நம்மவர்களைக் கண்டதும் “நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்கிறோமே, அதே கேள்வியை இந்த நாடு சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் பிரஜாவுரிமை பெறும்போது, உங்களை ஏற்றுக்கொண்ட கெமைண்டே உங்கள் ஹைமாட்ஓர்ட் ஆகிறது. பிறகு அது உங்கள் பிள்ளைகளுக்கும் போகும். சாவகச்சேரியில் பிறந்த ஒருவரின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பேர்ணிய மலைக்கிராமம் பூர்வீக ஊராக எழுதப்படுகிறது. அந்தக் கிராமத்தின் ஓடையை அறிந்துகொள்வதை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை.

ஊருக்கு அடுத்தது ஆறு. உங்கள் ஆறு ஆரே. முழுவதும் சுவிஸுக்குள்ளேயே ஓடும் ஆறுகளில் அதுதான் நீளமானது. பனியாற்றில் பிறந்து, பிரியன்ஸ் ஏரிக்குள் புகுந்து, இன்டர்லாக்கனைக் கடந்து தூண் ஏரியில் விழுந்து, உங்கள் நகரத்தின் நடுவாகப் புறப்பட்டு பேர்ணைச் சுற்றி வளைந்து, கடைசியில் ரைனில் கலக்கிறது. ஒரு விடுமுறை நாளில் இந்த வழியை ரயிலிலும் படகிலுமாகப் போய்ப் பாருங்கள். நாட்டின் பாதிப் புவியியல் அதிலேயே வந்துவிடும். மிச்சப் பாதியைக் கொட்ஹார்ட் மலைப்பகுதியும் அதன் கிழக்கும் சொல்லும். ரைன் வடகடலுக்கு, ரோன் மத்தியதரைக் கடலுக்கு, திச்சினோ ஆறு போ நதி வழியாக ஆட்ரியாட்டிக் கடலுக்கு, கிழக்கே இன் ஆறு டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கு. கடற்கரை இல்லாத நாடு நான்கு கடல்களுக்குத் தண்ணீர் அனுப்புகிறது.

ஆரே பற்றி ஓர் எச்சரிக்கை. கோடையில் பேர்ண்காரர்கள் பலர் அதில் குதித்து மிதந்து போவார்கள். பார்க்க மிக எளிதாகத் தெரியும். அது பனி உருகிய தண்ணீர், நீரோட்டம் கடுமையானது, கரையேறும் இடங்கள் சில மட்டுமே. நம் குளத்திலோ கேணியிலோ நீந்தப் பழகியவர்கள்கூட முதல் ஆண்டில் இறங்க வேண்டாம். பிள்ளைகளை முதலில் நீச்சல் வகுப்பில் சேருங்கள்.

நாட்டின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பரப்பளவு 41,285 சதுர கிலோமீற்றர், இலங்கையின் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஆல்ப்ஸ், வடமேற்கில் 10 விழுக்காடு யூரா மலைகள், இடைப்பட்ட 30 விழுக்காடு மிட்டல்லாண்ட் என்னும் மேட்டுச் சமவெளி. மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்த நடுப்பகுதியில்தான் நெருங்கி வாழ்கிறார்கள். சூரிச், பேர்ண், லவுசான், ஜெனீவா எல்லாம் இதில் அடக்கம். வாடகை ஏன் இவ்வளவு, ரயில் ஏன் இவ்வளவு நிறைந்து போகிறது என்பதற்கு விடையில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது.

வீடு தேடுகிறவர்களுக்கு இந்தப் பாடம் உடனே பயன்படும். நவம்பர் முதல் ஜனவரி வரை மிட்டல்லாண்டில் மூடுபனி நாட்கணக்கில் நிற்கும். காலையில் சாம்பல், மாலையில் சாம்பல். புதிதாக வந்தவர்கள், குறிப்பாக வீட்டோடு இருக்கும் பெண்கள், “எனக்கு என்னவோ நடக்கிறது” என்று தொலைபேசியில் அழுவதை ஒவ்வொரு குளிர்காலமும் கேட்கிறேன். தங்கைகளே, அந்தப் பனிக்குப் பெரும்பாலும் ஒரு மேல் விளிம்பு உண்டு. அரை மணி நேரம் பஸ்ஸிலோ மலை ரயிலிலோ ஏறினால் மேலே நீல வானமும் வெயிலும். கீழே வெண்கடல் போல மூடுபனி. சுவிஸ்காரர்கள் அதை நேபல்மேர், பனிக்கடல் என்பார்கள். வாரம் ஒரு தடவையாவது ஏறிப் போய் முகத்தில் வெயில் படவிடுங்கள். அப்படியும் மனச்சோர்வு விடாவிட்டால் குடும்ப மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

மலைப் பள்ளத்தாக்கில் வீடு கிடைத்தால் வேறொரு கேள்வி கேளுங்கள்: “டிசம்பரில் இந்த வீட்டுக்கு வெயில் எத்தனை மணிக்கு வரும்?” வடக்குப் பார்த்த சரிவில் சில இடங்களுக்கு வாரக்கணக்காகச் சூரியன் வராது. எதிர்க்கரையில் அதே மாதம் மதிய வெயில் விழும். வாடகை வித்தியாசத்துக்குப் பலமுறை இதுவே காரணம்.

ஃபியோன் என்ற காற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும்போது சூடாகி, காய்ந்து வரும். தலைமுடி உலர்த்தும் கருவிக்கும் இங்கே அதே பெயர்தான். அது வீசும் நாளில் மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். சிலருக்குத் தலையிடியும் வரும்.

மொழியைப் பற்றி அதிகம் எழுதவில்லை, எல்லோரும் எழுதுகிறார்கள். நான்கு தேசிய மொழிகள்: ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ். கடைசி மொழியைப் பேசுவோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ அரை விழுக்காடு. அதையும் தேசிய மொழியாக ஏற்கவேண்டும் என்று 1938இல் நாடே வாக்களித்தது. மொழிக்காக நாம் இழந்தவற்றை நினைக்கும்போது, இந்த ஒரு வாக்கெடுப்புக்காகவே இந்த நாட்டின் மீது எனக்கு மரியாதை உண்டு.

இனிச் சின்னங்கள்.

கொடி சதுரம். பள்ளியில் பிள்ளை நீள்சதுரமாக வரைந்தால் திருத்திக் கொடுங்கள். சிலுவையின் ஒவ்வொரு கையும் அகலத்தைவிட ஆறில் ஒரு பங்கு நீளம் என்று 1889இல் தீர்மானித்தார்கள். வத்திக்கானைத் தவிர வேறெந்த நாட்டுக்கும் சதுரக் கொடி இல்லை. போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் வெள்ளை வாகனங்களைக் கண்டு மூச்சு விட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தச் சின்னம் இந்தக் கொடியின் நிறங்களை மாற்றிப் போட்டது. 1864 ஜெனீவா உடன்படிக்கை அதை ஏற்றது. அந்த இயக்கம் பிறந்ததும் ஜெனீவாவில்தான். இதை என் மகளுக்குச் சொன்னபோது அவள் வகுப்பில் எழுந்து சொன்னாள், “இந்தச் சிலுவையை என் அம்மம்மா இங்கே வருவதற்கு முன்பே பார்த்திருக்கிறார்” என்று.

வாகனங்களில் ஒட்டியிருக்கும் சி.எச். என்பது கொன்ஃபெடராட்சியோ ஹெல்வெட்டிக்கா என்ற லத்தீன் பெயரின் சுருக்கம். நான்கு மொழிகளில் எதையும் முன்னுக்கு வைக்காமல் இருக்க லத்தீன் உதவுகிறது. முத்திரையிலும் சில நாணயங்களிலும் ஹெல்வெட்டியா என்று மட்டும் இருப்பதும் அதனால்தான். சில்லறையைப் பிள்ளைகளுடன் மேசையில் பரப்பி வையுங்கள். 2 பிராங்கில் ஈட்டியும் கேடயமுமாக நிற்கும் பெண்தான் ஹெல்வெட்டியா. சுற்றியுள்ள விண்மீன்களை எண்ணச் சொல்லுங்கள். பழைய நாணயத்தில் 22, புதியதில் 23. யூரா 1979இல் தனி மாநிலமானதால் பின்னர் ஒன்று கூடியது. 26 ஆக இல்லாததற்குக் காரணம், ஆறு அரை மாநிலங்களை மூன்றாக எண்ணுவது. 10 ராப்பன் 1879 முதல் வடிவம் மாறாமல் வருகிறது. 5 பிராங்கில் இருக்கும் முகத்தைப் பலர் வில்லியம் டெல் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அது ஆல்ப்ஸ் மலையின் மேய்ப்பர் ஒருவரின் முகம்.

டெல்லின் கதை உங்களுக்குத் தெரியும்: மகனின் தலையில் வைத்த ஆப்பிளை அம்பால் பிளந்த வேடன். வரலாற்றாசிரியர்கள் அவரை ஐதீக நாயகனாகவே கருதுகிறார்கள். ஆனாலும் ஊரி மாநிலத்து அல்டோர்ஃப் நகரில் 1895 முதல் அவருக்குச் சிலை நிற்கிறது. மலைப்பாதை வளைவுகளில் மஞ்சள் நிற அஞ்சல் பஸ் எழுப்பும் மூன்று சுரங்களும் இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினியின் டெல் இசை நாடகத்தின் முன்னிசையிலிருந்து எடுத்தவை. அடுத்த முறை கேட்கும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

எடெல்வைஸ் பூவைக் கண்டால் பறிக்க வேண்டாம். பல மாநிலங்களில் அது பாதுகாக்கப்பட்ட பூ. இராணுவத்தில் தளபதிகளின் தோள்பட்டையில் நட்சத்திரத்துக்குப் பதிலாக அந்தப் பூவைத்தான் வைக்கிறார்கள்.

உங்கள் சின்னங்களையும் எழுதிவிடுகிறேன் தங்கச்சி. பேர்ண் மாநிலத்துக்குக் கரடி. தூண் நகரத்துக்குச் சிவப்பில் சாய்ந்த வெள்ளைப் பட்டை, அதன் மேல் ஒரு விண்மீன். கார்களின் பின்பக்க இலக்கத் தகட்டில் ஒரு புறம் நாட்டுச் சின்னமும் மறுபுறம் மாநிலச் சின்னமும் இருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவற்றைப் பார்த்தே 26ஐயும் சேர்த்துவிடலாம். என் மகன் ஏழு வயதில் அப்படித்தான் கற்றான்.

பிரஜாவுரிமை பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: 2018 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி பொதுவான வழியில் 10 ஆண்டு வசிப்பும் சி என்னும் நிரந்தர வதிவிட அனுமதியும் தேவை. மொழியில் குறைந்தபட்சம் பேச்சுக்கு பி1 தரம், எழுத்துக்கு ஏ2 தரம். பிள்ளைகளுக்கு 8 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் இரட்டிப்பாக எண்ணப்படும். தேர்வும் கேள்விகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், வேறு மாநிலத்தில் இருப்பவரின் குறிப்புகளை வாங்கிப் பாடமாக்க வேண்டாம். உங்கள் கெமைண்டேயிடமே கேளுங்கள்.

இதை எழுதிய பிறகு ஆராவ் நகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அம்மா அண்மையில்தான் வந்தார். ஆகஸ்ட் 1 இரவு வெடிச் சத்தத்தில் மேசைக்குக் கீழே போய் இருந்துவிட்டார். என்ன செய்வது அக்கா?”

தம்பி, உங்கள் அம்மா மட்டுமல்ல, வன்னியிலிருந்து வந்த பலருக்கும் இது நடந்திருக்கிறது. ஆகஸ்ட் 1 தேசிய நாள். ஊரி, ஷ்வீட்ஸ், உன்டர்வால்டன் என்ற மூன்று பள்ளத்தாக்குக்காரர்கள் ஒருவரையொருவர் காப்பதாக 1291 ஆகஸ்ட் தொடக்கத்தில் எழுதிய ஒப்பந்தத்தின் நினைவு. மலையுச்சிகளில் தீ மூட்டுவார்கள், பிள்ளைகள் விளக்குக் கூடு பிடித்துப் போவார்கள், பேக்கரியில் சிறு கொடி குத்திய பணிஸ் விற்பார்கள். வாணவேடிக்கை முதல் நாள் இரவே, ஜூலை 31இலேயே தொடங்கிவிடும். அடுத்த ஆண்டு மாலையிலேயே அம்மாவுக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். முடிந்தால் பகலில் ஏதாவது பண்ணைக்கு அழைத்துப் போங்கள். அன்றைக்குப் பல பண்ணைகள் காலை விருந்து வைக்கும். பாலும் பாலாடைக்கட்டியும் மாடுகளும் அம்மாவுக்குப் பிடிக்கும். இரவு ஜன்னல்களை மூடி, நீங்கள் கூடவே இருங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒவ்வொரு பெப்ரவரியும் முதற் புதன்கிழமை 13.30 மணிக்கு நாடெங்கும் அபாயச் சங்கு ஊதும். அது பரிசோதனை மட்டுமே. வெள்ளம், அணை உடைவு போன்ற ஆபத்துக்காக அவற்றைப் பழுதில்லாமல் வைத்திருக்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வயதானவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. நான் செவ்வாய் இரவே எங்கள் குடியிருப்பில் உள்ள மூன்று அம்மாக்களுக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுவேன். மறுநாள் ஒரு மணிக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தேநீர் ஊற்றி வைத்துக்கொண்டு, சங்கு ஓயும் வரை சேர்ந்து இருப்போம்.