பேச்சுப் பகுதியருகே கட்டி: செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும் விழித்த நிலையில் அறுவை ஏன்?

வைகைக்கரை:
என் அக்காவுக்கு மூளையின் இடது முன்மடலில், பேச்சுக்குரிய பகுதியை ஒட்டி க்ளியோமா (மூளையின் துணைச் செல்களில் தோன்றும் கட்டி) இருப்பதாகத் தெரியவந்துள்ளது. மூளையின் எந்தப் பகுதி எப்போது வேலை செய்கிறது என்று காட்டும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. படத்தை இனி எடுத்தாலும், அவரை விழித்திருக்கச் செய்தே அறுவை நடத்த வேண்டியிருக்கலாம் என்கிறார் மருத்துவர். பேச்சுப் பகுதியைப் படமே காட்டிவிடும் என்றால், இதற்கு என்ன தேவை?

கதிர்ப்படம்:
அந்தப் படம் நரம்பணுக்களின் வேலையை நேரடியாகப் பதிவு செய்வதில்லை. வேலை செய்யும் பகுதிக்கு அதன் தேவைக்கும் மேலாகவே ஆக்சிஜன் ஏறிய இரத்தம் பாய்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் (இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) காந்தப்புலத்தைச் சற்றே குலைப்பதால், 1990இல் ஆய்வாளர் செய்ஜி ஒகாவா குழுவினர் காட்டியபடி, அந்த வேறுபாட்டைப் படமாக்க முடிகிறது. ஆனால் வீரியம் மிக்க க்ளியோமாவைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்கள் இயல்பாக விரியாமல் போகலாம். அப்போது நரம்பணுக்கள் இயங்கினாலும் அவ்விடம் படத்தில் வெறுமையாகத் தெரியும். இயங்கும் பகுதிகளைப் படம் வண்ணத் திட்டுகளாகக் காட்டும்; வண்ணம் விழாத இடத்தை வெட்டத்தக்க இடமாகக் கொள்வதைவிட ஆபத்தான வாசிப்பு வேறில்லை என்பேன். வண்ணத் திட்டின் பரப்புகூடப் புள்ளியியல் வரம்பை (எவ்வளவு வலுவான மாற்றத்தை இயக்கமாகக் கணக்கிடுவது என்ற அளவை) எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விரியும், சுருங்கும்.

நரம்பியல் அறுவை மாணவர்:
வண்ணம் விழுந்த இடமெல்லாம் இன்றியமையாததும் அன்று. பேச்சில் பங்கு பெறுவது வேறு, அது இல்லாமல் பேச்சே நின்றுபோவது வேறு. விழித்திருப்பவர் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லும்போது, மூளையின் மேற்பரப்பில் சிறிய மின்தூண்டல் கொடுத்து, பேச்சு தடைப்படும் இடத்தைக் குறித்துக்கொள்வதே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. மேலும், மண்டையோட்டைத் திறந்ததும் மூளை இடம் நகர்வதால், முன்னர் எடுத்த வரைபடம் சில வேளை 1 செ.மீ.க்கும் மேல் பிசகிவிடும். அடியில் ஓடும் நரம்பிழைகளைக் காண வேறு வகை எம்.ஆர்.ஐ. தேவை. இவ்வளவுக்குப் பிறகும் செயல்பாட்டுப் படம் வீணன்று: மொழி எந்தப் பக்கத்தில் ஓங்கியிருக்கிறது, எந்த வழியாகக் கட்டியை அணுகலாம், விழித்த நிலை அறுவை தேவையா என்பவற்றை முன்கூட்டியே முடிவு செய்ய அது உதவுகிறது.

வைகைக்கரை:
மிக்க நன்றி. அக்கா இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

கதிர்ப்படம்:
கட்டாயம் சொல்லுங்கள். இடக்கையர்களிலும் பெரும்பாலோருக்கு மொழி இடப்பக்கமே இருக்கும் என்றாலும், வலப்பக்கமோ இருபக்கமுமோ இருக்கும் வாய்ப்பு அவர்களிடம் கூடுதல். படம் எடுக்கும்போது செய்யச் சொல்லும், சொற்களை மனத்துக்குள் உருவாக்கும் பயிற்சிகளை அவர் இயல்பாகப் பேசும் மொழியிலேயே தருமாறு கேட்டு, முன்னதாக ஒருமுறை பழகிப் பார்க்கச் செய்யுங்கள். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் தலை சிறிது அசைந்தாலும் பதிவு கெட்டுவிடும்.