சீஸ் சமோசாவுக்கும் அத்திப்பழத் தட்டுக்கும் ஒரே நுரை ஒயினா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து:

சீஸ் எது என்பதைவிட, அதனுடன் சேரும் இனிப்பு எவ்வளவு என்பதைப் பார்த்தே நுரை ஒயினைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. புரட்டாசி விரதம் முடிந்த பின் உறவினர் வீட்டில் நடந்த நிச்சயதார்த்த விருந்தில் இது எனக்குத் தெளிவாயிற்று. அங்கே ஒரு தட்டில் ஸ்வீட்கார்னும் துருவிய செடார் சீஸும் அடைத்த, எங்கள் ஊர் பாணியிலான மெல்லிய மொறுமொறு சமோசாக்கள் வந்தன. இன்னொரு தட்டில், உப்புத் தூக்கலான நீலச் சீஸ் துண்டுகளின் மேல், நாட்டின் தென்மேற்கிலுள்ள கேப் பகுதியில் விரும்பி உண்ணப்படும் பச்சை அத்திக்காய்ப் பாகு வைத்திருந்தார்கள். இரண்டுக்கும், எங்கள் நாட்டு நுரை ஒயினான கேப் கிளாசிக்கில் இனிப்பு மிகக் குறைந்த புரூட் வகைதான் ஊற்றப்பட்டது.

சமோசாவுடன் அது மிகப் பொருத்தமாக இருந்தது. நாக்கில் படிந்த எண்ணெயையும் சீஸின் கொழுப்பையும் ஒயினின் புளிப்பும் குமிழிகளும் துடைத்துவிட, சீஸின் உப்பு அந்தப் புளிப்பையே சற்றுத் தணித்தது. சோளத்தின் இனிப்பு மென்மையானது என்பதால் ஒயினின் சுவை கெடவில்லை. அத்திக்காய்த் தட்டுக்குப் போனதும் அதே ஒயின் எலுமிச்சைச் சாற்றைப் போல வெடுக்கென்று புளித்தது. பாகின் இனிப்புக்கு நாக்கு பழகிய பின், அதைவிட இனிப்புக் குறைந்த பானம் புளிப்பாகத்தான் தெரியும். புரூட் வகையில் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரையே இருக்கும். ஓரளவு இனிப்பான டெமி-செக் வகையில் 32 முதல் 50 கிராம் வரை இருக்கும். பெரியப்பா ஒரு டெமி-செக் புட்டியைத் திறந்து கொடுத்ததும், அதே சீஸும் அதே பாகும் ஒயினோடு இசைந்துவிட்டன. இனிப்பான ஒயினை ரசனை இல்லாதவர்களின் பானம் என்று ஒதுக்குபவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை.

கேப் பகுதியின் ஸ்டெல்லன்போஷிலிருந்து:

டர்பன் அக்கா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் இனிப்பைச் சொட்டுக் கணக்கில் சேர்த்தால் புரூட்டே போதும். ஆட்டுப்பால் சீஸின் மேல் துளித் தேன் விட்டு, பினோ நுவார் என்ற கருந்திராட்சை சேர்ந்த, இளஞ்சிவப்பான ரோஸே புரூட்டுடன் உண்பது எங்கள் வீட்டு வழக்கம். கேப் கிளாசிக்கில் குமிழிகளை உண்டாக்கும் இரண்டாம் நொதித்தல் புட்டிக்குள்ளேயே நடந்து, ஒயின் மாதக்கணக்கில் ஈஸ்ட் படிவின் மேல் கிடப்பதால், சுட்ட ரொட்டியின் மணம் அதில் ஏறுகிறது. பொரித்த மாவுக்கு அது நன்றாகச் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். வாயுவை மட்டும் ஏற்றிய மலிவான வகைகளில் அந்த மணத்தை எதிர்பார்க்க முடியாது. புட்டிக்குள் நொதிக்கும் முறையில் இந்நாட்டின் முதல் ஒயினை இங்குள்ள சிமோன்சிக் தோட்டம் 1971-இல் தயாரித்தது.

நீலச் சீஸுக்குச் சிவப்பு ஒயினைத் தேடுபவர்கள் சற்று யோசிக்க வேண்டும். திராட்சைத் தோலிலிருந்து வரும் துவர்ப்புப் பொருளான டானின் மிகுந்த ஒயின் அந்தச் சீஸோடு சேர்ந்து கசக்கும். நுரை ஒயினில் டானின் மிகக் குறைவு.

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து:

மிளகாயைப் பற்றி இருவருமே எழுதவில்லை. பச்சை மிளகாய் இல்லாத சமோசாவை என் மாமியார் தொடவே மாட்டார். ஆனால் குமிழிகள் காரத்தின் எரிச்சலைக் கூட்டுகின்றன. ஆகவே நுரை ஒயின் பரிமாறும் நாளில் சமோசாவுக்குள் கொத்தமல்லியும் வெங்காயமும் மட்டும் சேர்த்து, காரத்தைச் சட்னியாகத் தனியே வைத்துவிடுகிறேன். மது அருந்தாதவர்களுக்கு நுரைக்கும் திராட்சைச் சாறு வைக்கலாம். அதன் இனிப்பு அத்திக்காய்த் தட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒயின் நன்கு குளிர்ந்திருக்கட்டும், சமோசா மட்டும் எண்ணெயிலிருந்து எடுத்த பின் சில நிமிடம் ஆறட்டும். உள்ளே உருகிய சீஸ் நாக்கைச் சுட்டுவிட்டால் எந்த ஒயினின் சுவையும் தெரியாது.